43 ஸ்க்ரீன்ஷாட்ல 4 தான் மிரட்டல்

நான் பேரூராட்சி கவுன்சிலர். மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவுல எங்க ஊரு, பேரு வேண்டாம். 2022 பிப்ரவரி தேர்தல்ல சுயேச்சையா நின்னு ஜெயிச்சேன், வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுற வேலை, நான் வீட்டு வாசல்லயே மெஷின் போட்டு தைக்கிறேன். அரசியல்ல இருக்கிற பொம்பளைங்க, ஆர்டிஐ போடுறவங்க, உள்ளூர்ல ஏதாவது ஒண்ணுக்கு எதிர்த்து நிக்கிறவங்க எல்லாருக்கும் எனக்கு வந்த மிரட்டல நான் எப்படி கையாண்டேங்கிறது உதவும்னு தோணுது, அதான் எழுதுறேன்.

பிரச்சனை சந்தையில ஆரம்பிச்சுது. எங்க ஊர்ல செவ்வாய்க்கிழமை வாரச்சந்தை. வருஷா வருஷம் வசூல் உரிமைய ஏலம் விடுவாங்க. தரைக்கடைக்கு பேரூராட்சி வச்ச ரேட்டு 20 ரூபா, ஆனா வாங்குறது 50. ரசீது கேட்டா அடுத்த வாரம் அந்த இடத்துல வேற ஆள் உக்காந்திருப்பாங்க. கருவேப்பிலை விக்கிற ஒரு கிழவி என் கையப் புடிச்சுக்கிட்டு "ஏத்தா, நீ ஓட்டு கேட்டு வந்தப்ப செய்றேன்னு சொன்னியே"ன்னு கேட்டாங்க. 2024 அக்டோபர் மன்றக் கூட்டத்துல எழுந்து, சந்தை வாசல்ல ரேட் போர்டு வைக்கணும், ரசீது இல்லாம வசூல் பண்ணா குத்தகைய ரத்து பண்ணணும்னு தீர்மானம் கேட்டேன். அதை அடுத்த கூட்டத்துக்கு தள்ளி வச்சாங்க, நவம்பர் 28.

அந்த ஒரு மாசம்தான் எல்லாம் நடந்துச்சு.

முதல்ல வந்தது திட்டு. வார்டு வாட்ஸ்அப் குரூப்லயும் ஃபேஸ்புக்லயும் என்னை கமிஷன் கிடைக்காத காண்டுல பேசுறவன்னாங்க, திருடின்னாங்க, என் வீட்டுக்காரர வச்சு அசிங்கமா எழுதுனாங்க. நான் ஒவ்வொண்ணா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சேன். ராத்திரி தூக்கம் வராது, ஃபோனை எடுத்து அதையே திரும்பத் திரும்பப் பாப்பேன், நெஞ்சு படபடன்னு அடிக்கும். மூணாவது வாரத்துல மொத்தம் 43 சேந்துருச்சு. அவ்வளவையும் ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டு ஒரு பைல்ல வச்சு ஸ்டேஷனுக்குப் போனேன்.

எஸ்.ஐ. நல்ல மனுஷன்தான், குறை சொல்ல மாட்டேன். பத்து பேப்பர் புரட்டுனாரு, அதுல இருக்கிறதுலயே கெட்ட வார்த்தை நிறைய இருந்த ஒண்ண வெளிய எடுத்து "இதுதாம்மா கடுமையா இருக்கு"ன்னாரு. அப்புறம் "அரசியல்னு வந்துட்டா நாலு பேச்சு வரத்தான் செய்யும்மா, வேணும்னா கூப்ட்டு கண்டிச்சு விடுறேன்"ன்னாரு. நான் பைல தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். அன்னிக்கு அவர் மேல வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல, ஆனா தப்பு என் பைல்ல இருந்துச்சுங்கிறது மறுநாள்தான் புரிஞ்சுது.

எனக்கு தெரிஞ்ச ஒரு வக்கீலக்கா இருக்காங்க, திண்டுக்கல் கோர்ட்ல பிராக்டிஸ் பண்றாங்க. அவங்க வீட்டு ஹால்ல தரையில உக்காந்து 43 பேப்பரையும் பரப்புனோம். அவங்க வாயில குண்டூசி வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா படிச்சு ரெண்டு பக்கமா போட ஆரம்பிச்சாங்க. இடது பக்கம் ஏறிக்கிட்டே போகுது, வலது பக்கம் ஒண்ணுமே காணோம். எஸ்.ஐ. எடுத்துக் காட்டுன அந்த கெட்ட வார்த்தை பேப்பரும் இடது பக்கம்தான் போச்சு. "அக்கா, அது என்ன குப்பையா"ன்னு கேட்டேன். "அது உன்னை அசிங்கப்படுத்துறது, அதுக்கு வேற வழி இருக்கு, தனியா பாப்போம். நான் தேடுறது உன்னை பயமுறுத்தி ஒரு வேலைய செய்யவிடாம பண்றது எதுன்னு"ன்னாங்க.

கடைசியில வலது பக்கம் 4 பேப்பர் நின்னுச்சு. அந்த நாலுலயும் ஒரு கெட்ட வார்த்தை கூட இல்ல. எனக்கு உடம்பு சில்லுன்னு ஆயிருச்சு.

ஒண்ணு, ராத்திரி 11.40க்கு தெரியாத நம்பர்ல இருந்து வந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நம்ம ஊரு பஸ் ஸ்டாண்ட் சுவத்துல ஒட்டியிருக்குமே, அதே மாதிரி கருப்பு பார்டர், ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவுல என் தேர்தல் நோட்டீஸ்ல இருந்து வெட்டுன என் போட்டோ. தோற்றம்னு போட்டு நான் பிறந்த வருஷம், மறைவுன்னு போட்டு 28.11.2024. கீழ 'ஆழ்ந்த இரங்கலுடன் சந்தை நண்பர்கள்'. ரெண்டாவது, ஒரு வாய்ஸ் நோட், "அக்கா, உங்க நல்லதுக்கு சொல்றேன், 28ந் தேதி வீட்லயே இருங்க, உடம்புக்கு முடியலன்னு லீவு லெட்டர் குடுத்துருங்க"ன்னு ரொம்ப மரியாதையா ஒரு குரல். மூணாவது, தேரடி கூட்டத்துல ஒருத்தர் மைக்ல பேசுன வீடியோ, அதுல என் தெருப் பேரச் சொல்லி, எத்தனாவது வீடுன்னு சொல்லி, "நம்ம பசங்க போயி பேசிட்டு வருவாங்க"ங்கிறாரு, கீழ கூட்டம் விசில் அடிக்குது. நாலாவதுதான் என்னால இப்பவும் பாக்க முடியல. என் பொண்ணு டியூஷன் வாசல்ல அவளோட சைக்கிள், ஹேண்டில்ல அவ கட்டுன பச்சை ரிப்பன் தெரியுது, கீழ ஒரே ஒரு வார்த்தை, 'பத்திரம்'.

இந்த போட்டோவ முதல்ல நான் 43ல ஒண்ணா நடுவுல எங்கயோ சொருகி வச்சிருந்தேன். எஸ்.ஐ. அந்தப் பக்கம் வரவே இல்ல. திட்டு முப்பத்தொம்போதும் மிரட்டல் நாலும் ஒரே பைல்ல போனதால திட்டுதான் மேல தெரிஞ்சுது, மிரட்டல் உள்ள போயிருச்சு. கோவத்துல எல்லாத்தையும் ஒண்ணா சேத்து ஆபத்தைப் புதைச்சது நானேதான்.

வக்கீலக்கா ஒவ்வொரு பேப்பருக்கும் கேட்ட கேள்விகள் எனக்கு மனப்பாடம். இது யாரப் பத்தி, ஒரு ஆளா ஒரு கொள்கையா? எங்க, எப்பன்னு இருக்கா? என்ன செய்யாதேன்னு சொல்லுது? சொல்றவன் கையில ஆள் இருக்கா, கேக்குறவங்க செய்யக்கூடியவங்களா? முன்னாடி ஏதாவது நடந்திருக்கா? வார்த்தை எவ்வளவு காட்டமா இருக்குங்கிற கேள்விய அவங்க கேக்கவே இல்ல. நம்ம மேடைப் பேச்சே அப்படித்தான, வேரோட பிடுங்குவோம், கருவறுப்போம், சமாதி கட்டுவோம், ஓட ஓட விரட்டுவோம்னு சொல்லாம எந்தக் கட்சி கூட்டம் நடந்திருக்கு, நானே பிரச்சாரத்துல கமிஷன்காரங்கள சந்தைய விட்டு ஓட ஓட விரட்டணும்னு பேசியிருக்கேன். அதுக்கெல்லாம் கேஸ் போட ஆரம்பிச்சா தமிழ்நாட்டுல யாரும் மைக்கே புடிக்க முடியாது.

இப்ப நான் பண்ண இன்னொரு தப்ப சொல்லணும். இடது பக்கம் போன பேப்பர்ல ஒரு காலேஜ் பையன் போட்ட மீம் இருந்துச்சு. தராசுத் தட்டுல என் தலைய வச்சு, 'இந்த அம்மா அரசியலுக்கு பாடை ரெடி, தூக்க நாலு பேர் போதும்'னு எழுதியிருந்தான். பாடைங்கிற வார்த்தையப் பாத்ததும் நான் ஆடிப்போயி முதல் புகார்ல அவன் பேரத்தான் முதல்ல எழுதியிருந்தேன். அவங்கம்மா சந்தையில கீரைக்கட்டு விக்கிறவங்க, யாருக்காக நான் பேசுனேனோ அவங்கள்ல ஒருத்தங்க. விஷயம் தெரிஞ்சு அந்த அம்மா என் வாசல்ல வந்து நின்னாங்க, அந்தப் பையன் பின்னாடி தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான், கை நடுங்குது.

வக்கீலக்கா அப்ப சிறுமலை கேஸ சொன்னாங்க. எங்க பக்கத்துல எல்லாரும் போற மலைதான். 2021ல வாடிப்பட்டி பக்கத்துல ஒரு இடதுசாரி கட்சிக்காரர், 62 வயசு, மகளோட மருமகனோட சிறுமலைக்கு டூர் போயிட்டு போட்டோ போட்டு, 'துப்பாக்கி பயிற்சிக்காக சிறுமலை பயணம்'னு வேடிக்கையா எழுதிட்டாரு. போலீஸ் அதுக்கு அரசுக்கு எதிரா போர் தொடுக்க ஆயுதம் சேக்குறதுன்னு பெரிய பிரிவெல்லாம் போட்டு கேஸ் போட்டுருச்சு. ரிமாண்ட் பண்ண மாஜிஸ்திரேட் மறுத்துட்டாரு, அப்புறம் அந்த டிசம்பர்லயே ஹைகோர்ட் மதுரைக் கிளை எஃப்ஐஆரையே ரத்து பண்ணிருச்சு. அந்தப் போட்டோவுல ஆயுதம் இல்ல, ஆளும் இல்ல, குறியும் இல்ல, குடும்பம் டூர் போனதுதான் இருந்துச்சு. "இந்தப் பையன் மீம்லயும் அதேதான், உன் அரசியலுக்குத்தான் பாடை கட்டுறான், உனக்கு கட்டல. பாடை தூக்கிப் போராடுறது நம்ம ஊர்ல காலங்காலமா இருக்கிறதுதான, ரோடு போடலன்னா பாடை கட்டி ஒப்பாரி வைக்கிறாங்கள்ல"ன்னாங்க.

அப்ப கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அப்படித்தானன்னு ஒரு நிமிஷம் எனக்கே குழம்புச்சு. இல்ல. மீம் ஊருக்கே தெரியுற மாதிரி தன் பேர்லயே போட்டது, போஸ்டர் தெரியாத நம்பர்ல இருந்து நடுராத்திரி என் ஃபோனுக்கு வந்தது. மீம்ல தேதி இல்ல, போஸ்டர்ல கூட்டத்தோட தேதி இருக்கு. ரெண்டு நாள் கழிச்சு வீட்டுலயே இருன்னு வாய்ஸ் நோட் வருது, அதுக்கப்புறம் பொண்ணு சைக்கிள் வருது. தனித்தனியா பாத்தா ஒவ்வொண்ணையும் விளையாட்டுன்னு சொல்லிடலாம், வரிசையா வச்சாதான் உருவம் தெரியும். அதனால தேதி வாரியா அடுக்குங்க.

அந்தப் பையன் பேர புகார்ல இருந்து அடிச்சுட்டேன். அவன்கிட்ட மன்னிப்பும் கேட்டேன், அந்த அம்மா முன்னாடியே.

எங்க ஊர்ப் பக்கம் ஏன் இதை லேசா எடுத்துக்க முடியாதுன்னு வெளியூர்க்காரங்களுக்கு சொல்லணும். 1997 ஏப்ரல்ல மதுரை வில்லாபுரத்துல கவுன்சிலர் லீலாவதி, வார்டுக்கு தண்ணி கேட்டு நின்னவங்க, அவங்கள தெருவுல வெட்டிக் கொன்னாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஜூன் 30, மேலூர் பக்கம் மேலவளவுல ஊராட்சித் தலைவர் முருகேசன, தலித் ஒருத்தர் அந்த நாற்காலியில உக்காரக்கூடாதுன்னு கொன்னாங்க, அவருக்கும் முன்னாடியே மிரட்டல் வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. நான் தேர்தல்ல நிக்கப் போறேன்னு சொன்ன அன்னிக்கே எங்கம்மா கேட்ட முதல் வார்த்தை "லீலாவதி ஞாபகம் இருக்கா"ங்கிறதுதான். போஸ்டர் வந்த ராத்திரி எங்கம்மா ஒண்ணுமே பேசல, எந்திரிச்சுப் போயி கதவத் தாழ்ப்பாள் போட்டாங்க.

சில பேரு ஆறுதல்னு நினைச்சு சொன்னாங்க, 2023ல, அப்ப அமைச்சரா இருந்த உதயநிதி தலைக்கு அயோத்தி சாமியார் 10 கோடி அறிவிச்சப்ப அவரு 10 ரூபா சீப்பு போதும், நானே தலைய சீவிக்குவேன்னு சிரிச்சுட்டுப் போகலயா, நீ ஏன் பயப்படுறன்னு. அமைச்சர சுத்தி எப்பவும் போலீஸ் இருக்கு. நான் தைக்கிற மெஷின் வாசல்ல இருக்கு, குனிஞ்சு தைக்கும்போது தெருவுல யார் வர்றான்னு எனக்கு தெரியாது. ஒரே வார்த்தை ஆளுக்கு ஆள் வேற கனம். என்னைப் பொறுத்தவரை ஒருத்தரோட தலைக்கு விலை வைக்கிறது எந்தக் காரணத்துக்காகவும் பேச்சு சுதந்திரத்துல வராது, அது யார் தலையா இருந்தாலும்.

ரெண்டாவது தடவை போனப்ப புகார் ஒன்றரைப் பக்கம்தான். அவதூறாகப் பேசினார், மன உளைச்சல் ஏற்படுத்தினார்னு பொதுவா எதுவும் எழுதல, அவங்க சொன்ன வார்த்தைய அப்படியே மேற்கோள்ல போட்டோம், எந்த தேதி, எத்தனை மணி, எந்த நம்பர். கூடவே நவம்பர் 28 மன்றக் கூட்டத்துல நான் பேசாம தடுக்கத்தான் இதைச் செய்யுறாங்கன்னு தெளிவா ஒரு பாரா. அந்தப் பாராதான் முக்கியம்னு அக்கா சொன்னாங்க. 2024 ஜூலை 1ல இருந்து பழைய குற்றச் சட்டம் ஐபிசி போயி புதுசா பிஎன்எஸ் வந்துருச்சு, மிரட்டலுக்கு இப்ப பிரிவு 351. நமக்கு உரிமை இருக்கிற ஒரு வேலைய செய்யவிடாம தடுக்கவோ, பீதி உண்டாக்கவோ உடம்புக்கோ சொத்துக்கோ பேருக்கோ கேடு வரும்னு பயங்காட்டுறது அதுல வரும், நமக்கு வேண்டியவங்கள வச்சு பயமுறுத்துனாலும் வரும். சாதாரண மிரட்டலுக்கு 2 வருஷம் வரைக்கும், கொலை கொடுங்காயம்னு மிரட்டுனா 7 வருஷம் வரைக்கும், ஆள் யாருன்னு மறைச்சு மிரட்டுனா அதுக்கு கூடுதலா 2 வருஷம் வரைக்கும். எது போலீஸ் நேரா எடுக்கலாம், எதுக்கு மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கணும்ங்கிற வித்தியாசம் இருக்கு, அதனால வக்கீல் ஒருத்தர கூட வச்சு எழுதுங்க. ஆன்லைன்ல திட்டுனா ஐடி சட்டம் 66ஏ-ல உள்ள போடலாம்னு இன்னும் சில பேர் சொல்லிக்கிட்டு திரியுறாங்க, அந்தப் பிரிவ 2015லயே சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிருச்சு, அதை நம்பிப் போகாதீங்க.

புகார் குடுத்தா சிஎஸ்ஆர், அதாவது புகார் வாங்கிக்கிட்டோம்னு ஸ்டேஷன்ல குடுக்கிற ரசீது, வாங்காம வெளிய வராதீங்க. எனக்கு சிஎஸ்ஆர் குடுத்தாங்க, எஃப்ஐஆர் வரல. பத்து நாள் பாத்துட்டு எஸ்பி ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபால்ல மனு அனுப்புனோம், அதுக்கப்புறம் மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கி கேஸ் பதிவாச்சு.

ஃபோன் விஷயம் ரொம்ப முக்கியம். பயத்துல மெசேஜ அழிச்சுடாதீங்க. ஸ்க்ரீன்ஷாட்ல 'சந்தை அண்ணன்'னு நீங்க சேவ் பண்ண பேருதான் தெரியும், அதனால ப்ரொஃபைலுக்குள்ள போயி நம்பர் தெரியுற மாதிரி இன்னொண்ணு எடுங்க. குரூப் பேர்ல இருந்து அந்த மெசேஜ் வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணி ஸ்க்ரீன் ரெக்கார்டிங் எடுங்க. மேடைப் பேச்சுன்னா முப்பது செகண்ட் துண்டு போதாது, முழு வீடியோவையும் தேடி வாங்குங்க. நான் வாங்குனேன், அதுல முன்னாடி இருபது நிமிஷம் அந்த ஆளு என்னைத் திட்டுனதெல்லாம் அரசியல் பேச்சுதான், அதை நான் ஒத்துக்கிட்டேன், கடைசி ஒரு நிமிஷம்தான் வீட்டு அடையாளம் வருது. முழுசா குடுத்ததாலதான் துண்டா வெட்டி ஜோடிச்சதுன்னு அவங்களால சொல்ல முடியல. கோர்ட்டுக்கு போகும்போது புது சாட்சியச் சட்டம் 63ன்படி ஒரு சர்டிஃபிகேட் வேணும், ஒரு பகுதில நாம கையெழுத்து போடணும், இன்னொரு பகுதில நிபுணர் போடணும், ஹாஷ் வேல்யூ, அதாவது ஃபைல மாத்தலன்னு காட்டுற எண், எல்லாம் கேக்கும். ஒரிஜினல் ஃபோன் இருந்தா இது சுலபம்.

போஸ்டர வார்டு குரூப்ல 'என்னன்னு பாருங்க'ன்னு ஃபார்வர்ட் பண்ணவங்க எட்டு பேரு, அதுல ரெண்டு பேரு எனக்கு ஓட்டு கேட்டு வந்தவங்க. கெட்ட எண்ணம் இல்ல, ஆனா ஊர் பூரா பரவ அவங்களும் காரணம். 2018ல பெண் பத்திரிகையாளர்கள இழிவுபடுத்துன ஒரு பதிவ ஃபார்வர்ட் பண்ண ஒருத்தர் வழக்குல சென்னை ஹைகோர்ட் சொன்னது, அனுப்புன மெசேஜ் வில்லுல இருந்து கிளம்புன அம்பு மாதிரின்னு. அதை அவங்களுக்கு சொன்னேன், அழிச்சுட்டாங்க.

இனி என் தம்பி கதை. போஸ்டரப் பாத்த அன்னிக்கே அவன் ஸ்டேட்டஸ் வச்சுட்டான், 'எங்க அக்கா மேல தூசு பட்டா குத்தகைக்காரன் வீடு இருக்காது'ன்னு. எனக்கு அப்ப உள்ளுக்குள்ள தெம்பாத்தான் இருந்துச்சு, மறைக்க மாட்டேன். ரெண்டு நாள்ல அந்த ஸ்க்ரீன்ஷாட்டோட எதிர்ப் புகார் வந்துருச்சு. எஸ்.ஐ. அதை என் முன்னாடி வச்சு "இது என்னம்மா"ன்னாரு. நான் கேட்ட அதே கேள்விகள இதுக்கும் கேட்டுப் பாத்தேன். ஆள் யாருன்னு இருக்கு, வீடுன்னு இருக்கு, செய்யக்கூடிய வயசுல பையன். அந்த வீட்டுல குத்தகைக்காரரோட வயசான அம்மா இருக்காங்க, எங்கிட்டதான் ஜாக்கெட் தைக்கக் குடுப்பாங்க. அந்த அம்மாவும் அன்னிக்கு ராத்திரி தாழ்ப்பாள் போட்டிருப்பாங்கள்ல. தம்பிகிட்ட "டேய், அவன் செஞ்சதையேதான்டா நீயும் செஞ்சிருக்க"ன்னேன். ரொம்ப முரண்டு புடிச்சான், "உனக்காகத்தானக்கா"ன்னு அழுதான். ஆனா அதே இடத்துல, தான் எழுதுனது தப்புன்னு எழுத வச்சேன். நம்ம ஆளுங்க எழுதுறதுக்கும் நாமதான் பொறுப்பு எடுத்துக்கணும், இல்லாட்டி நம்ம புகாருக்கு மதிப்பே இருக்காது.

28ந் தேதி நெருங்க நெருங்க அவங்க வேற ரூட்டு எடுத்தாங்க. இந்த அம்மா பேசுனா சந்தையில கலவரம் ஆயிரும், சட்டம் ஒழுங்கு கெட்டுரும், அதனால கூட்டத்துப் பொருள்ல இருந்து அந்தத் தீர்மானத்தையே நீக்குங்கன்னு பேரூராட்சி செயல் அலுவலர்கிட்ட மனு. அவரும் "ஒத்தி வச்சுக்கலாமே மேடம்"ன்னாரு. வக்கீலக்கா ஒரு லெட்டர் அடிச்சுக் குடுத்தாங்க. 1989ல 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தத் தடுக்கணும்னு வந்த கேஸ்ல, இட ஒதுக்கீட்ட விமர்சிக்குது, வெளியிட்டா வன்முறை வரும்னு சொன்னப்ப சுப்ரீம் கோர்ட் அதை ஏத்துக்கல. வன்முறை பண்ணுவோம்னு ஒரு கூட்டம் மிரட்டுதுன்னு பேசுறவன் வாய அடைக்கக் கூடாது, பேசுறவனுக்குப் பாதுகாப்பு குடுக்கிறதுதான் அரசோட வேலை, வெடிமருந்துப் பீப்பாயில விழுற தீப்பொறி மாதிரி பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்தாதான் தடுக்கலாம்னு தீர்ப்பு. லெட்டரப் படிச்சுட்டு செயல் அலுவலர் பொருள அப்படியே விட்டாரு, கூட்டத்துக்கு ரெண்டு போலீஸ் போட்டாங்க.

அந்த ஒரு வாரம் பொண்ண டியூஷனுக்கு அனுப்பல, வீட்டுக்காரரு வேலைக்குப் போகாம இருந்தாரு, மெஷின திருப்பிப் போட்டு தெருவப் பாத்த மாதிரி உக்காந்து தைச்சேன். பக்கத்து வீட்டு மதினிகிட்ட எல்லாத்தையும் சொல்லி வச்சேன், வெக்கப்பட்டு மறைக்கல. நீங்களும் மறைக்காதீங்க, நாலு பேருக்குத் தெரிஞ்சா அவங்களுக்கும் ஒரு தயக்கம் வரும்.

கூட்டத்துக்குப் போனேன். எழுந்து நிக்கும்போது கால் நடுங்குச்சு, மேஜையப் புடிச்சுக்கிட்டேன். 15 பேர்ல 9 பேர் ஆதரவு, தீர்மானம் நிறைவேறுச்சு. போர்டு வைக்க அதுக்கப்புறமும் ரெண்டு மாசம் ஆச்சு, இப்ப சந்தை வாசல்ல இருக்கு, தரைக்கடை 20 ரூபான்னு மஞ்சள்ல கருப்பு எழுத்து. வாய்ஸ் நோட் குரல் யாருன்னு கண்டுபிடிச்சாங்க, மேடையில பேசுனவர் மேலயும் கேஸ் இருக்கு. சைக்கிள் போட்டோ எடுத்தது யாருன்னு இன்னும் தெரியல.

அந்தப் பையன் போன மாசம் எம்மேல இன்னொரு மீம் போட்டிருக்கான், போர்டு வச்ச கவுன்சிலர் சந்தையில கக்கூஸ் எப்ப கட்டுவாங்கன்னு. பாத்துட்டு அடுத்த கூட்டத்துப் பொருள்ல அதை எழுதிக் குடுத்துட்டேன்.

பழைய ஃபோன் பீரோவுல என் கல்யாணப் பட்டுச்சேலைக்கு அடியில இருக்கு. கேஸ் முடியுற வரைக்கும் அது செத்துரக் கூடாதுன்னு மாசம் ஒரு தடவை எடுத்து சார்ஜ் போடுறேன். பொண்ணு அந்த ரிப்பன சைக்கிள்ல இருந்து அவுத்துட்டா, நான் ஏன்னு கேக்கல.